பொன்விழா மன்றத்தின் முடியாத ஆட்டம்

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் தெரிந்த அத்தனை பேரும் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போன கதவு ஒன்று உண்டென்றால் அது பொன்விழா மனமகிழ் மன்றத்தின் கதவுதான், ஏனென்றால் அந்தக் கதவில் பூட்டே கிடையாது, தாழ்ப்பாளும் துருப்பிடித்துத் திறந்த வாக்கிலேயே நின்றுபோனது, நாயும் பூனையும் தபால்காரரும் பால்காரரும் அது வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள், ஆனாலும் உள்ளே போக்கர் சீட்டாட்ட மேசையில் யார் முன்னால், காசுக்குப் பதில் வைத்து ஆடுகிற வில்லை ஒன்றே ஒன்றாவது மிச்சமிருந்ததோ அவரால் மட்டும் அதன் நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. தாண்டி வைத்த கால் தெருவில் போய் ஊன்றாமல் திரும்பவும் மன்றத்துக்குள்ளேயே வந்து ஊன்றியது. வலி கிலி ஒன்றும் இல்லை. பூட்டுக்காரர்களில் மூத்தவர் நிலைச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டு இருந்தா தொறக்கலாம்மா, இதுல என்னத்தத் தொறக்க?" என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது அமலோற்பவத்திடம். அவள் வீட்டுக்காரர் சவரியப்பன் அப்படி உள்ளே மாட்டிக்கொண்டவர். மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருந்த மனுசன், மகள் பாவாடை சட்டையில் திரிந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே ஆட்டத்துக்குப் போனவர், இப்போது மகள் காலேஜ் பஸ் ஏறிப் போகிறாள், இன்னும் வந்தபாடில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் புத்தகம்தான், சரியாகச் சொன்னால் பாதிப் புத்தகம். ரம்மி மட்டுமே ஆடிப் பழகிய மன்றம் அது. செயலாளர் சிக்கந்தருடைய மச்சான் கோவாவில் ஓட்டல் வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, விருந்தாளிகள் அறையில் விட்டுப்போன போக்கர் புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார், டோர்னமெண்டில் ஜெயிப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிற புத்தகங்கள், அவற்றில் ஒன்றை மன்றத்து ஆட்கள் சாயங்காலம் சாயங்காலம் கூடி உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் அர்த்தம் சொல்ல, தவக்காலத்தில் கோயிலில் இயேசுவின் பாடுகளை வாசிப்பதுபோல் பயபக்தியாகக் கேட்டார்கள். பொறுமை என்ற அத்தியாயம் வந்ததும் அத்தனை பேருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்ல சீட்டு வரும்வரை சீட்டைக் கவிழ்த்து வைத்து விலகிக்கொண்டே இரு, உயிரோடு இருப்பதுதான் முதல் வேலை, அவசரக்காரன்தான் முதலில் எழுந்து போவான் என்று எழுதியிருந்தது. மோசமான கை வந்தால் ஆடாமலே ஸ்கூட் விட்டுத் தப்பிக்கிற புத்தி ரம்மிக்காரனுக்குப் பிறவிப் புத்தி. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம்ம ஆட்கள் ஒரு வரியில் சொன்னதைத்தான் வெள்ளைக்காரன் இத்தனை பக்கம் இழுத்திருக்கிறான் என்று சிரித்துக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்தார்கள். அதற்குப் பின்னால் இன்னும் பாதிப் புத்தகம் இருந்தது. அதை யாரும் சீந்தவில்லை.

போக்கரில் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே முறைவைத்து ஆளுக்கு ஆள் வைத்தாக வேண்டிய கட்டாய வில்லை ஒன்று உண்டு, பிளைண்டு என்பார்கள், டோர்னமெண்டில் அது நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனால்தான் பதுங்கிக் கிடக்கிறவனும் ஒரு கட்டத்தில் மோதியாக வேண்டிவந்து ஆட்டம் ஒரு முடிவுக்கு வரும். சிக்கந்தருக்கு அது பிடிக்கவில்லை. "நடு ஆட்டத்துல ரேட்ட ஏத்துறதாவது, ரம்மியில எவனாவது அப்படிச் செஞ்சா கைய ஒடிக்க மாட்டமா?" என்று கேட்டார், எல்லோரும் நியாயம்தானே என்றார்கள், அதனால் பொன்விழா மன்றத்தின் விதிப்பலகையில் பிளைண்டு ஏறவே ஏறாது என்று எழுதப்பட்டது. கூடவே, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் புதிதாக வந்து உட்காரலாம், விதியை மாற்ற உட்கார்ந்து ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் சம்மதம் வேண்டும், வில்லை முழுக்க ஒருத்தர் கைக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது, அவருக்குக் கோப்பை என்றும் எழுதினார்கள். ஏறாத பிளைண்டுக்கும் தாண்ட முடியாத நிலைப்படிக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது, யாரும் அதைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளவும் இல்லை.

முதல் நாள் மத்தியானம் ஒருவர் டீ குடிக்க எழுந்து நிலைப்படியில் கால் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வில்லையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார்கள், ஆகவில்லை. சன்னல் வழியாக வீசிப் பார்த்தார்கள், தெருவில் போகிற யாராவது பொறுக்கி எடுத்து, சார் இது உங்களுதா என்று நல்ல மனதோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். வில்லை தீர்ந்தவன் மட்டும் சர்வசாதாரணமாக நடந்து வெளியே போனான். குடும்பத்தில் பிடிப்புள்ளவர்கள் அன்றைக்கே வேண்டுமென்று தோற்று வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், கொஞ்சம் ரோஷக்காரர்கள் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டுப் போனார்கள், கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர், ஒருவர் சவரியப்பன், இன்னொருவர் வெங்காயப்பேட்டையில் கமிஷன் மண்டி வைத்திருந்த கெங்குசாமி. பொறுமை அத்தியாயத்தை இரண்டு பேருமே மனப்பாடம் செய்திருந்தார்கள். இவர் பந்தயத்தை ஏற்றினால் அவர் கவிழ்ப்பார், அவர் ஏற்றினால் இவர் கவிழ்ப்பார், ஒரு வில்லை இந்தப் பக்கம் போகும், அடுத்த முறையில் அந்தப் பக்கம் வரும்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? ஊர் எதைத்தான் ஜீரணிக்காது. கெங்குசாமியின் வெங்காய மூட்டைகள் மன்றத்துப் படிக்கட்டில் இறங்கின, அவர் ஒரு கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு சன்னல் வழியாக ஏலம் விட்டார், மன்றம் முழுக்க வெங்காய வாடை ஏறி உறுப்பினர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே ரம்மி ஆடினார்கள். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சவரியப்பனிடம் காட்டி, என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டு, பிறகு கடைக்கு எடுத்துப் போனார்கள், அங்கே வேலையை வாங்குவது அமலோற்பவம். சாம்பல் புதன் அன்று சாமியார் தானே நேரில் வந்து சவரியப்பன் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுப் போனார். சவரியப்பனின் தங்கச்சி மகனுக்குக் காது குத்தவேண்டி வந்தது, தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்தவேண்டும், சொந்தபந்தம் எல்லாம் தட்டுத்தாம்பாளத்தோடு மன்றத்துக்கே வந்து, பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்து, ஆசாரி ஊசியை எடுத்தபோது கெங்குசாமி, "சவரி, ஒன் முறைப்பா, பிளைண்டு வையி" என்றார், பிள்ளை வீறிட்டு அழ அழ சவரியப்பன் இடது கையால் வில்லையை வைத்தார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் தரகர், பொண்ணுக்கு அப்பா உள்ள இருக்காரு என்று சொன்னால் போதும், யாரும் ஜெயில் என்று நினைப்பதில்லை. மன்றத்து வாசலில் டீக்கடை வைத்தவன் மாடி எடுத்து வீடு கட்டிவிட்டான்.

எல்லோருக்கும் பழகிவிட்டது, அமலோற்பவத்துக்குத்தான் பழகவில்லை. கோழி கூவும் முன்னால் எழுந்து, மாமனாருக்குக் காரம் இல்லாமல் ஒரு சமையல், மகளுக்கு ஒரு சமையல், உள்ளே இருக்கிறவருக்கு டிபன் கேரியரில் ஒரு சமையல், கடையைத் திறந்து காப்பர் கம்பிக்காரனோடு மல்லுக்கட்டி, மத்தியானம் கேரியரைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்கு ஓடி, பழைய கேரியரை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடி, மாமனாரைத் திருப்பிப் படுக்கவைத்து, அவர் துணி, இவர் துணி, ராத்திரி கணக்கு என்று செக்குமாடாய்ச் சுற்றினாள். நிலைப்படியைத் தாண்ட முடியாதவர் அவர், ஆனால் ஒரு நாழிகை ஓரிடத்தில் உட்கார முடியாதவள் இவள். அவர் வெளியே வந்தால் பாதி பாரத்தை இறக்கி வைக்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், அந்தக் கோப்பையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடட்டும்.

"என்னங்க, தோத்துட்டு வந்துருங்களேன்" என்று அவள் கேட்காத நாள் இல்லை. "கையில இருக்கிறத அம்புட்டையும் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சு வாங்க."

"இம்புட்டு நாள் உக்காந்துட்டு இப்பப் போய்த் தோத்தா ஊரு சிரிக்கும்ல, அமலி" என்பார் சவரியப்பன், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டே. "நல்ல சீட்டு வந்துக்கிட்டேதான் இருக்கு. ஒரு நல்ல கை, ஒரே ஒரு நல்ல கை."

"ஊரு எதுக்குச் சிரிக்கப் போகுது? ஊரு மறந்தே போச்சு."

"நீ ஆட்டம் தெரியாதவ. ஒனக்கு இது புரியாது."

அந்த வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் கான்வென்ட் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் அவள். அன்றைக்கே சிக்கந்தரிடம் போய், "பாய், அந்தப் புத்தகத்தைக் குடுங்க" என்று கேட்டாள். அவர் அட்டைப்பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார், அதில் ஒரு எலி குட்டி போட்டிருந்தது.

அமலோற்பவம் அடுப்படியில் வைத்துப் படித்தாள். சோறு கொதிக்கும்போது படித்தாள், மாமனார் வாந்தி எடுத்த துணியை அலசிவிட்டு ஈரக்கையோடு படித்தாள், கடையில் கரண்டு போன நேரத்தில் படித்தாள், பொறுமை அத்தியாயத்தைத் தாண்டி யாரும் தொடாத பக்கங்களுக்குப் போனாள். அங்கே வேறு பாடம் இருந்தது. பொறுமை ஆரம்பத்துக்கு, பிளைண்டு ஏற ஏற பொறுமையே உன்னைத் தின்றுவிடும், அப்போது பயந்தவன் யாரென்று பார்த்து அவன் முறையில் அடி, உன் சீட்டைப் பார்க்காதே, அவன் பயத்தைப் பார் என்று எழுதியிருந்தது. எவனும் விட்டுக்கொடுப்பதற்காகவே காத்திருப்பான், அவன் விட்டுக்கொடுப்பதை நீ எடுத்துக்கொண்டே இரு என்றும் எழுதியிருந்தது. இதைப் படித்தபோது அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, ஏனென்றால் அவளிடமிருந்து வீட்டில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதற்கு ஒரு புத்தகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மொச்சைக்கொட்டையை வில்லையாக வைத்து அவளே ஆடிப் பழகினாள். ஆளில்லாத இடங்களில் மனதுக்குள்ளேயே சொந்தக்காரர்களை உட்காரவைத்தாள். எந்தச் சீட்டு வந்தாலும் நானும் வரேன் என்று நிற்கிறவள் நாத்தனார், சும்மா சும்மா மிரட்டுகிறவர் மூத்த கொழுந்தனார், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்து கடைசியில் கழுத்தை அறுக்கிறவள் ஓரகத்தி, புத்தகத்தில் சொன்ன அத்தனை வகை ஆட்டக்காரர்களும் அவள் குடும்பத்திலேயே இருந்தார்கள். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் பிளைண்டை இரட்டிப்பாக்கினாள், பருப்பு வேகிறதற்குள் ஓரகத்தியைத் தவிர எல்லோரும் காலியானார்கள். கொஞ்ச நாளில் ஓரகத்தியும் காலியானாள்.

ஒரு முகூர்த்த நாளன்று காலையில் அவள் கேரியரோடு மன்றத்துக்குப் போனாள், கேரியரைக் கணவர் பக்கத்தில் வைத்தாள், சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாய், எனக்கும் வில்லை எண்ணி வைங்க" என்றாள்.

"ஏ அமலி, என்ன இது?" என்றார் சவரியப்பன். "வீட்ட யாரு பாக்குறது?"

"சாயங்காலத்துக்குள்ள போயிருவேன். நீங்களும் போயிருவீங்க."

சீட்டுப் போடும் முன்னால் அவள் விதிப்பலகையைக் காட்டி, பிளைண்டு ஏற வேண்டும், வாசலில் டவுன் பஸ் ஆரன் அடிக்கும்போதெல்லாம் இரட்டிப்பாக வேண்டும், ஓட்டெடுப்பு வையுங்கள் என்றாள். சவரியப்பன் கூடாது என்றார். எல்லோரும் கெங்குசாமியைப் பார்த்தார்கள். அவர் மோவாயைச் சொறிந்துகொண்டு, சவரியின் வில்லைக் குவியலைப் பார்த்தார், தன் குவியலைப் பார்த்தார், தன்னுடையது ஒரு விரற்கடை கூடுதல் உயரம் என்று கண்டார். "ஏறட்டும் தங்கச்சி" என்றார். "எனக்கும் உக்காந்து உக்காந்து மூலம் வந்துருச்சு."

அன்றைக்கு முகூர்த்தம் என்பதால் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒரு கல்யாண வண்டியைத் தாண்ட முடியாமல் ஒவ்வொன்றும் மன்றத்து வாசலில் நின்று நின்று ஆரன் அடித்தது, ஆரனுக்கு ஆரன் சிக்கந்தர் பலகையில் பழையதை அழித்துப் புதியதை எழுதினார், இத்தனை வருஷம் அசையாமல் கிடந்த வில்லைக் குவியல்கள் மழையில் நனைந்த மண்சுவர்போல் சரிய ஆரம்பித்தன. சவரியப்பன் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தார். அவர் காத்திருக்கக் காத்திருக்க அவர் முறைக்கு வைத்ததை அமலோற்பவம் எடுத்துக்கொண்டாள். கையில் என்ன இருக்கிறதென்று பாதி நேரம் அவள் பார்க்கவே இல்லை. அவர் கண்ணைப் பார்த்தாள், அதில் விட்டுவிடலாமா என்று ஒரு நிழல் ஓடும், அவள் ஏற்றுவாள், அவர் கவிழ்ப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எதற்கு மிரளுவார் என்று தெரிந்தவளுக்குப் புத்தகம் ஒரு சாக்குத்தான். ரம்மிக்காரர்கள் தங்கள் சீட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள், டீக்கடைக்காரன் பாய்லரை விட்டுவிட்டு வந்து நின்றான், பெண்கள் சிலரும் வந்து நின்றார்கள், அந்தப் பெண்கள் மன்றத்துக்குள் வந்ததே அன்றைக்குத்தான்.

வெயில் சாயும்போது சவரியப்பனிடம் ஒரு கைப்பிடி வில்லை மிச்சமிருந்தது. அப்போது அவருக்கு இரண்டு ராஜா வந்தது. இத்தனை காலமும் காத்திருந்த சீட்டு. மொத்தத்தையும் தள்ளினார், கெங்குசாமி கவிழ்த்தார், அமலோற்பவம் தன் சீட்டைப் பார்த்தாள், இதயம் போட்ட ஆர்ட்டின் ஜாதியில் ஒரு ஒன்பதும் ஒரு ஆறும். புத்தகப்படி கவிழ்க்கவேண்டிய சீட்டு. ஆனால் அவர் தள்ளியதைவிட மேசை நடுவில் கிடந்தது அதிகம், விட்டால் அவர் மறுபடி தலையெடுத்து இன்னும் ஏழு வருஷம் உட்காருவார். அவளும் வைத்தாள். நடுவில் விரித்த ஐந்து சீட்டில் மூன்று ஆர்ட்டின் விழுந்தது, அவள் கையிலிருந்த இரண்டோடு ஐந்தும் ஒரே ஜாதியாகி இரண்டு ராஜாவை அடித்துவிட்டது. நாள் முழுக்க அவள் செய்த சூட்சுமம் எல்லாம் ஒரு பக்கம், கடைசியில் அவரை விடுவித்தது வெறும் குருட்டு அதிர்ஷ்டம், அது அவளுக்கும் தெரிந்தது, தோற்றுப்போன இரண்டு ராஜாவையும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க" என்றாள் மெதுவாக. "எந்திரிச்சுப் போங்க."

சவரியப்பன் எழுந்தார். நிலைப்படியில் நின்று பயந்து பயந்து ஒரு காலைத் தூக்கி வைத்தார், அது தெருவில் ஊன்றியது, மறு காலையும் எடுத்து வைத்தார். டீக்கடைக்காரன் ஓடிப்போய் ஒரு டீயைக் கையில் கொடுத்தான். ஊர் சிரிக்கவில்லை, கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஆளாளுக்குக் கிளம்பியது. அவர் தெருவைப் பார்த்துக் கண் கூச நின்றார், பிறகு திரும்பி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அமலி, நீயும் சட்டுன்னு தோத்துட்டு வா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

அதுதான் அவள் போட்டிருந்த திட்டமும். வருகிற முதல் சீட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கோப்பையைக் கெங்குசாமிக்கு விட்டுக்கொடுத்து, கேரியரை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவது. சிக்கந்தர் சீட்டுப் போட்டார். ஒரு ஜாக்கி, ஒரு நாலு, சேராத சீட்டு, தோற்பதற்கென்றே வந்த சீட்டு. கெங்குசாமி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தள்ளும்மா" என்றார். "வீட்டுக்காரர் காத்திருக்காருல்ல."

அவள் வில்லைகளின் மேல் கையை வைத்தாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. முதுகு நாற்காலியில் முழுக்கச் சாய்ந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அவள் முதுகு கடைசியாக எப்போது ஒன்றில் இப்படிச் சாய்ந்தது என்று நினைத்துப் பார்த்தாள், பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. இப்போது மாமனார் கூப்பிடுவார், கூப்பிட்டால் அவளால் போக முடியாது. கடையில் ஆள் வந்து நிற்பார்கள், அவளால் போக முடியாது. கொழுந்தனார் வந்து மிரட்டினாலும் சாமியார் வந்து புத்தி சொன்னாலும் அவள் கால் அந்த நிலைப்படியைத் தாண்டாது, அதற்கு அவள் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதும் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. ஏழு வருஷம் தினமும் ரசம் ஊற்றிக்கொண்டே பார்த்த வியாதி இது, எப்படித் தொற்றும் எப்படி முற்றும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் ஊரில் கிடையாது. பயத்துக்கு அடியில், சொல்லவே வெட்கமாக, அவள் சந்தோஷமாக இருந்தாள்.

ஜாக்கியையும் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கவிழ்த்து வைத்தாள். வாசலில் ஒரு பஸ் ஆரன் அடித்தது, சிக்கந்தர் பலகையை அழித்து எழுதினார்.

"அமலி" என்றார் சவரியப்பன் சன்னலுக்கு வெளியே இருந்து. "என்ன புள்ள செய்யிற?"

அவள் அடுத்த முறைக்கான வில்லையை எண்ணி முன்னால் வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அரிசியும் உளுந்தும் ஊற வச்சுட்டு வந்தேங்க. போயி கிரைண்டர்ல போட்டு ஆட்டி வச்சுருங்க, உளுந்த மொதல்ல போடணும். உப்பு மேத்தட்டுல இருக்கு."